கடைத்தெரு போர்க்களமா?

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் சிலம்பிலிருந்தோ கம்பனிலிருந்தோ ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு எழுதித் தரலாம் என்றே எண்ணியிருந்தேன். பகலெல்லாம் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டும் எழுத்தன் ஒருவனுக்கு மாலையில் வாய்க்கும் ஆறுதல் அது. ஆனால் சென்ற இரண்டாண்டுகளில் என் குடும்பத்திற்குள்ளேயே நிகழ்ந்த ஒன்று என்னைச் சீன நாட்டுப் பக்கம் இழுத்துச் சென்றுவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னர் மூங்கிற் சிம்புகளில் எழுதி வைக்கப்பெற்ற ஒரு போர் நூல், மைசூரில் ஒரு காப்பிப்பொடிக் கடைக்குள் புகுந்து செய்த வேலையைப் பற்றி எழுதப் புகுகின்றேன். இஃது ஒரு கண்டனக் கட்டுரை. ஆளைக் கண்டிப்பது என் நோக்கமன்று. நம் பிள்ளைகள் தலையில் இன்று ஏற்றப்படும் ஒரு கருத்தையே கண்டிக்கின்றேன்.

என் அத்தான், தமக்கையின் கணவர், நாற்பதாண்டுகட்கு முன் தஞ்சைப் பகுதியிலிருந்து இந்நகருக்கு வந்து, காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடையொன்றைத் தொடங்கினார். வறுக்கும் உருளை ஒன்று, அரைவை எந்திரம் ஒன்று, தராசு ஒன்று, அவ்வளவே முதல். குடகிலிருந்தும் சிக்கமகளூரிலிருந்தும் கொட்டை வரும். சிக்கரி எத்தனை பங்கு வேண்டும் என்று கேட்டுக் கலந்து, அரைத்த சூடு ஆறுமுன் தாள் உறையிற் கட்டிக் கொடுப்பார். அதே தெருவில் பத்துக் கடை தள்ளி இன்னொரு காப்பிப்பொடிக் கடை. அதனை நடத்தியவர் ஒரு கன்னடப் பெரியவர். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவரை ‘அஜ்ஜா’ என்றே அழைத்து வளர்ந்தவர்கள். ஒரு கடையில் கொட்டை தீர்ந்தால் மற்றைக் கடையிலிருந்து அரை மூட்டை போகும்; கணக்கு மாதக் கடைசியில் தீரும். அவரவர்க்கு அவரவர் வாடிக்கை. முப்பதாண்டுக் காலம் இவ்வாறே நடந்தது.

அத்தான் மறைந்தபின் கடை தமக்கை மகன் கைக்கு வந்தது. வணிகவியற் பட்டம் பெற்றவன், சோம்பல் அறியாதவன். வணிகத்தில் வெற்றி பெறும் வழியைக் கற்பிப்பதாகச் சொல்லி ஒரு விடுதி அரங்கில் நடத்திய ஒருநாள் வகுப்புக்குப் பணம் கட்டினான். ஞாயிற்றுக்கிழமையாதலால் என்னையும் உடன் அழைத்துச் சென்றான். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த பேச்சாளர் மேடையில் அங்குமிங்கும் நடந்தபடியே பேசினார். சந்தை ஒரு போர்க்களம் என்றார். போட்டிக் கடைக்காரன் எதிரி என்றார். வாடிக்கையாளன் நாம் கைப்பற்ற வேண்டிய நிலம் என்றார். சீன ஞானி சுன் சூ இதனையெல்லாம் அன்றே சொல்லிவிட்டார் என்று முடித்து, அந்நூலின் சுருக்கம் ஒன்றை ஆளுக்கொரு படி வழங்கினார். அரங்கு கைதட்டிற்று. கைதட்டியவருள் நம் தமிழ்ப் பிள்ளைகளும் பலர் இருந்தனர்.

வீடு திரும்பும் வழியில், “மாமா, இத்தனை நாளும் நாம தூங்கிட்டோம்” என்றான் பிள்ளை. அடுத்த வாரமே கிலோவுக்கு 40 ரூபாய் விலை குறைந்தது. எடுபிடிப் பையன் ஒருவன், பத்துக் கடை தள்ளி நின்று, அஜ்ஜாவின் கடைக்கு யார் யார் வருகின்றனர் என்று குறித்துக் கொண்டு வரலானான்.

அன்றிரவு அந்நூலை நான் முழுவதும் படித்தேன். சுருக்கத்தையன்று, பின்னர் நூலகத்திலிருந்து முழு மொழிபெயர்ப்பையும் எடுத்துப் படித்தேன். படித்தவன் என்ற முறையில் சொல்கின்றேன்: அது பெரிய நூல். பதின்மூன்றே இயல்கள், ஒரு சொல் மிகையில்லை. 1772ஆம் ஆண்டிலேயே அமியோ என்னும் பாதிரியார் அதனைப் பிரெஞ்சு மொழியில் தந்தார். 1910இல் லயனல் கைல்ஸ் ஆங்கிலத்தில் தந்தார். 1972இல் சீனத்தின் ஷான்டுங் மாநிலத்தில் பழைய கல்லறை ஒன்றைத் தோண்டியபோது அந்நூலின் மூங்கிற் சுவடிகளே கிடைத்தன. அத்தகைய நூலை இகழ நான் யார்? நான் இகழ்வது நூலையன்று, அதனைக் கடைத்தெருவுக்கு இழுத்து வந்தவர்களின் படிப்பை.

அந்நூலின் இரண்டாம் இயலை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. ஓர் இலட்சம் பேர் கொண்ட படையை நடத்த நாளொன்றுக்கு ஆயிரம் பொன் கரையும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகின்றார் ஆசிரியர். நெடுநாள் நீடித்த போரால் நலம் பெற்ற நாடு ஒன்றுமில்லை என்பது அவர் முடிவு. கடைசி இயலிலும் அதே கணக்கு வருகின்றது. படை ஒன்று எழுந்தால் ஏழு இலட்சம் குடும்பங்களின் தொழில் கெடும் என்கின்றார். போர் என்றவுடன் முதலில் செலவைப் பார்த்த மனிதர் அவர். நம் வகுப்பாசிரியரோ செலவை விட்டுவிட்டு வாளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இன்னொரு கதை வகுப்பில் சொல்லப்பட்டது, பாதி மட்டும். சிமா சியென் என்னும் சீன வரலாற்றாசிரியர் எழுதி வைத்தது அது. வூ நாட்டு அரசன் சுன் சூவைச் சோதிக்க விரும்பி, அரண்மனைப் பெண்டிர் 180 பேரைப் படையாகப் பழக்கிக் காட்டுக என்றானாம். இரண்டு அணியாகப் பிரித்து, அரசனுக்கு உகந்த மகளிர் இருவரை அணித்தலைவியர் ஆக்கினாராம். ஆணை பிறந்தது, பெண்கள் சிரித்தனர். மீண்டும் ஆணை, மீண்டும் சிரிப்பு. அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை, அணிவகுப்பு நூல் பிடித்தாற்போல் நடந்தது என்று சொல்லி, ‘ஒழுங்கு’ என்று பலகையில் எழுதினார் பேச்சாளர். இடையில் நிகழ்ந்தது என்ன? அரசன் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், அவ்விரு பெண்களின் தலைகளையும் வெட்டச் செய்தார் சுன் சூ. அதனை விழுங்கிவிட்டார் பேச்சாளர். கடைப் பையன்களை ஆளும் முறைக்கு இந்தக் கதை எடுத்துக்காட்டாம்! படைவீரரை ஆட்டு மந்தைபோல் ஓட்டிச் செல்க, எங்கே போகின்றோம் என்பதை அவர் அறியலாகாது என்றும் அந்நூலில் உண்டு. போர்க்களத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். மாதச் சம்பளத்திற்கு வேலை செய்யும் ஒருவனை அவ்வாறு ஓட்டலாமா?

இவையெல்லாம் கிளைகள். வேர் வேறு. அந்நூலில் அரசன் உண்டு, படைத்தலைவன் உண்டு, வீரர் உண்டு, பகைவன் உண்டு, ஒற்றர் உண்டு, மேடும் பள்ளமும் ஆறும் சதுப்பும் உண்டு. வாங்குவோன் இல்லை. வாணிகத்தில் தலைமையான ஆள் எவனோ அவனுக்கு அந்நூலில் இடமே இல்லை. ஆகவேதான் பேச்சாளர் அவனை நிலம் ஆக்கினார். நிலத்திற்கு மனம் உண்டா? வென்றவன் கொடியை நட்டால் அது தாங்கிக்கொண்டு கிடக்கும். வாங்குவோன் அவ்வாறு கிடப்பானா? விலையைக் கண்டு வருவான். பொடியில் மணம் குன்றினால் போவான். இரண்டு கடைக்காரர் சண்டையிடுவது பிடிக்காவிட்டால் மூன்றாவது கடையைத் தேடுவான். எழுந்து நடக்கும் நிலத்தைக் கைப்பற்ற எந்தச் சீனப் படைத்தலைவனும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1980களில் ஜப்பானியரின் காரும் வானொலியும் உலகை வென்றபோது, அமெரிக்க வணிகர் திகைத்து, கிழக்கத்தியரின் இரகசியம் என்ன என்று தேடினர். இந்நூல் கையில் அகப்பட்டது. 1986இல் ரைஸ், டிரௌட் என்னும் இருவர் விற்பனையைப் போராகவே வைத்து ஒரு நூல் எழுதினர். அவர்களுக்கு வழிகாட்டி பிரஷ்யப் படைத்தலைவர் கிளாசவிட்சு. எந்த நாட்டுப் படைத்தலைவனாயினும் சரி, வணிகனுக்கு ஆசானாக ஒரு படைத்தலைவன் வேண்டும் என்ற எண்ணமே அங்கு மேலோங்கி நின்றது.

எதிர்த்தரப்பாருக்கு உதவும் சான்று ஒன்றை நானே எடுத்துத் தருகின்றேன். மறைத்து வாதிடுதல் எழுத்தர் தொழிலுக்கு அழகன்று. முன்சொன்ன சிமா சியென், செல்வம் ஈட்டியோரைப் பற்றித் தனி இயலே எழுதியிருக்கின்றார். அதில் வரும் பாய் குய் என்னும் வணிகர், சுன் சூ படை நடத்தியதைப் போல நான் வாணிகம் நடத்துகின்றேன் என்று பெருமை பேசியவர். அப்படியானால் இது பழைய மரபுதானே என்று கேட்கலாம். பாய் குய் செய்தது என்ன என்று பாருங்கள். விளைச்சல் மிகுந்து உழவர் தள்ளும் காலத்தில் தானியத்தை வாங்கினார். இல்லை என்று மக்கள் தேடும் காலத்தில் விற்றார். எளிய உணவு உண்டார். பணியாளரோடு அவர்தம் இன்பதுன்பங்களைப் பகிர்ந்துகொண்டார். வாய்ப்பைக் கண்டவுடன் விலங்கும் பறவையும் பாய்வதுபோல் விரைந்தார். சுன் சூவிடமிருந்து அவர் பெற்றது விரைவையும் துணிவையும், பகைவனையன்று. அவர் கதையில் அழிக்கப்பட்ட அடுத்த கடைக்காரன் ஒருவனும் இல்லை.

சுன் சூ பணிபுரிந்ததாகச் சொல்லப்படும் வூ நாடு கி.மு. 473இல் அண்டை நாட்டவரால் அடியோடு அழிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றேன். அழித்த நாட்டின் அமைச்சர் பான் லீ. வெற்றி கிடைத்தவுடன் அவர் பதவியைத் துறந்து, பெயரை மாற்றிக்கொண்டு, வேற்றூருக்குச் சென்று வணிகரானார். சேர்த்த செல்வத்தை ஏழை நண்பர்க்கும் உறவினர்க்கும் பகிர்ந்து கொடுத்தார் என்று அதே வரலாறு கூறுகின்றது. சீனத்து வணிகர் செல்வத் தெய்வமாகக் கொண்டாடுவது இவரை. போரை விட்டு வந்தவரை!

இவ்வளவுக்கு நாம் சீனம் போக வேண்டுவதில்லை. நம் நகரிலேயே, கிராபோர்டு மண்டபத்திற்கு அணித்தாக, பழஞ்சுவடி நூலகம் ஒன்று உண்டு, 1891இல் தோன்றியது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்திலமைந்த ஓர் ஓலைச்சுவடியை அங்குக் கொண்டுவந்து கொடுத்தார். நூலகத்திலிருந்த சாம சாஸ்திரியார் 1905இல் அதனை இன்னதென்று கண்டறிந்தார், 1909இல் அச்சிட்டார், 1915இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். உலகம் மறந்திருந்த கௌடலீயருடைய பொருள்நூல் அது. தஞ்சையிலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவை நம் குடும்பங்கள் மட்டுமல்ல. அந்தச் சுவடியும் இவ்வழியே வந்ததுதான்.

சூழ்ச்சியில் கௌடலீயர் சுன் சூவுக்கு இளைத்தவரா? துறவி வேடத்தில் ஒற்றர், நஞ்சிடுவோர், கோட்டை முற்றுகை, நட்புப் பிளவு, எல்லாம் அவரிடம் உண்டு. அத்தகையவர் வாணிகத்தைப் பற்றி எங்கே பேசுகின்றார்? போர் இயல்களில் அன்று. ‘முட்களைக் களைதல்’ என்ற தலைப்புடைய நான்காம் அதிகரணத்தில், மக்களைத் துன்புறுத்துவோரிடமிருந்து காக்கும் பகுதியில் வணிகரை வைக்கின்றார். உள்நாட்டுப் பொருளுக்கு நூற்றுக்கு 5, வெளிநாட்டுப் பொருளுக்கு நூற்றுக்கு 10, இதற்கு மேல் இலாபம் கூடாது என்கின்றார். வணிகர் கூடிப் பேசிச் சரக்கைத் தடுத்து விலையைக் கெடுத்தால் ஆயிரம் பணம் தண்டம். பகையரசனிடத்துச் செய்யத்தக்கதைக் கடைத்தெருவில் செய்யலாகாது என்பது அந்தக் கடுமையான மனிதருக்கே தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் நம் சங்க மேடைகளையும் ஒரு சொல் சொல்லாமல் விட இயலவில்லை. சீனத்து நூலைப் பற்றிப் பேச்செழுந்தால், உடனே நம்மவர் ஒருவர் எழுந்து, இதெல்லாம் எங்கள் வள்ளுவரிடம் முன்னமே உண்டு என்று வலியறிதல், காலமறிதல், இடனறிதல், படைமாட்சி என அதிகாரங்களை அடுக்குகின்றார். கைதட்டல் கிடைக்கின்றது. உண்டு, உண்மை. ஆனால் இவ்வாறு போட்டிக்கு நிறுத்துவதும் அதே நோய்தான். சீனப் படைத்தலைவனுக்குப் பதிலாக வள்ளுவரைப் படைத்தலைவர் ஆக்கிக் கடைக்காரனுக்கு விற்கின்றோம். வாணிகம் செய்வாரைப் பெயர் சொல்லி வள்ளுவர் எங்கே பேசினார் என்று அவர்கள் பார்த்ததுண்டா? படைமாட்சியிலும் இல்லை, படைச்செருக்கிலும் இல்லை. பொருட்பாலிலேயே இல்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில், பத்தாவது குறளாக வைத்திருக்கின்றார். பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே பேணிச் செய்வதுதான் வாணிகம் என்கின்றார். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரும் கொள்வதில் மிகை கொள்ளாமல், கொடுப்பதில் குறை வையாமல் இருந்தவரே. படைநூல் ஒரு பக்கம், வாணிகம் ஒரு பக்கம் என்று வைத்த வைப்புமுறையே ஒரு கருத்து. அதனைக் காணாமல் அதிகாரப் பெயர்களை மட்டும் அடுக்குவானேன்?

‘நூலை விடுங்கள், வாணிகத்தைப் போராக நடத்தியவர்கள் வென்றதில்லையா?’ என்று பிள்ளை என்னிடம் கேட்டான். வென்றதுண்டு. தமிழ்நாட்டிலேயே உண்டு. அதனை நம்மினும் நன்கறிந்தவர் யார்?

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரே இதற்கும் தலைவர். உயிராய் நின்றவர் துணைச் செயலாளரான வ.உ. சிதம்பரனார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் அதுவரை தனியரசு செலுத்தியது பிரிட்டிஷ் இந்தியக் கப்பற் கம்பெனி. அவர்கள் சுன் சூவைப் படித்திருந்தார்களா, அறியேன். படித்திருந்தால் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க இயலாது.

பகைவனின் திட்டத்தை முதலில் முறி, அடுத்து அவன் நட்பை முறி, அதன்பின் படையோடு மோது, கோட்டையை முற்றுவது கடைசி வழி என்பது அந்நூலின் வரிசை. சிதம்பரனாருக்குக் கப்பலை வாடகைக்குத் தந்த கம்பெனியை மிரட்டி, கப்பலைத் திரும்பப் பெறச் செய்தனர், நட்பு முறிந்தது. அவர் கொழும்பிலிருந்து வேறு கப்பல் வாடகைக்கு அமர்த்தினார். பின்னர்ச் சொந்தக் கப்பலே வாங்குவது என்று பம்பாய் சென்றார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. பிறகு விலைப்போர். வெள்ளையர் கப்பலில் ஆளுக்கு ஒரு ரூபாய் என்றனர். சுதேசிக் கப்பலில் எட்டணா என்றார் இவர். காசே வேண்டாம், வந்து ஏறுங்கள் என்றனர் அவர்கள். ஏறுவோர்க்குக் குடையும் இலவசம் என்றனர். போரிடாமலே வெல்லும் முறையையும் விட்டு வைக்கவில்லை. சிதம்பரனாரையே விலைக்கு வாங்கப் பார்த்தனர். அவர் விலைபோகவில்லை.

குடைக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலான மக்கள் அதனை வாங்கப் போகவில்லை. எட்டணாக் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். கைப்பற்ற வேண்டிய நிலம் என்று எண்ணப்பட்டவர்கள் எழுந்து நடந்தார்கள், எதிர்த் திசையில்! சூழ்ச்சி நூல்கள் எல்லாம் சேர்ந்தும் அந்தப் பயணியை அசைக்க முடியவில்லை. பின் எவ்வாறு வென்றனர்? வாணிகத்தால் அன்று. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. சிதம்பரனார் அவர்கள் பக்கம் நின்றார். மார்ச் 12ஆம் நாள் சிறைப்படுத்தப்பட்டார். ஜூலை 7ஆம் நாள், நீதிபதி பின்ஹே இருபதும் இருபதுமாக நாற்பதாண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தபோது கம்பெனியே இல்லை, 1911இல் கலைக்கப்பட்டுவிட்டது.

போர் என்று பெயரிட்டுத் தொடங்கிய வாணிகம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு ரூபாயில் நிற்கவில்லை, இலவசத்தில் நிற்கவில்லை, குடையில் நிற்கவில்லை. சிறைக்கதவில் போய் நின்றது. வாணிகத்திற்கு ஓர் எல்லை உண்டு, முதல் கரையும்போது அது தானே நிற்கும். போருக்கு எதிரி இல்லாமற் போவதுதான் எல்லை. தம்பிமார்களே, இந்தக் கதையில் சுன் சூவின் மாணாக்கர் எந்தப் பக்கம் நின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பக்கம் போய் உட்கார உங்களுக்கு மனம் வருகின்றதா?

சிதம்பரனாரும் அதனைப் போராகத்தானே கருதினார் என்று கேட்கலாம். ஆம். அவர் விலையைக் குறைத்ததும் உண்மை. ஆனால் அவர் எதிர்த்தது கடல் முழுவதையும் தனதென்று கொண்ட ஒரு பேரரசை. பத்துக் கடை தள்ளிக் காப்பிப்பொடி அரைக்கும் கிழவரையன்று. சிறைமீண்ட அவர், வறுமைக்கு நடுவே, 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். வாணிகம் செய்வார்க்கு வள்ளுவர் சொன்ன அந்தக் குறள் இடம்பெறும் பால்தான் அது. கப்பலோடு எல்லாவற்றையும் இழந்த ஒருவர் அந்தத் தாளில் அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்த காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேறு சொல் எழுவதில்லை.

பெரியவர்களோடு சிறியவன் எவ்வாறுதான் போட்டியிடுவது என்பது நியாயமான கேள்வி. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு செய்யத் தொடங்கினார். எதிரே நின்றவை பன்னாட்டு நிறுவனங்கள். அவை புட்டியில் விற்றன. புட்டி வாங்கப் பணமில்லாத வீடுகள் நாட்டில் பெரும்பாலானவை. சிறு உறையில் அடைத்து விற்கும் முறையைத் தந்தை சின்னிகிருஷ்ணனே காட்டியிருந்தார். மகன் அதனை எடுத்துக்கொண்டு சிற்றூர்களுக்குப் போனார். சிறுவர் தலையில் தேய்த்துக் கழுவி, தொட்டுப் பாருங்கள் என்று காட்டினார். எந்த நிறுவனத்தின் வெற்றுறையாயினும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்றார். இந்தக் கடைசி வேலையைப் பகைவன் களஞ்சியத்தைக் கவரும் தந்திரம் என்று நம் வகுப்பாசிரியர் பலகையில் எழுதுவார். எழுதட்டும், அந்த ஒன்றை விட்டுக் கொடுக்கின்றேன். ஆனால் அவர் வென்றது அதனால் மட்டுமா? எவரும் வாங்குவோராகக் கணக்கிடாத மக்களை அவர் கணக்கிட்டார். மற்றவர் கண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கண் வாங்குவோர் மேல் இருந்தது. அந்த உறைகள் இன்று சாக்கடைகளை அடைத்துக் கிடப்பது வேறு வழக்கு.

ஒன்றைச் சட்டம் படித்தோர் அறிவர். ஆதிக்க நிலையிலுள்ள நிறுவனம் ஒன்று போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு அடக்கவிலைக்கும் குறைத்து விற்பது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி குற்றம். சிறு கடைக்காரனை அச்சட்டம் தீண்டாது. ஆனால் பெரியவன் செய்தால் தண்டிக்கத்தக்கது என்று நாடாளுமன்றம் கருதிய ஒன்றை, சிறியவனுக்கு ஞானம் என்று பணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கின்றனர்.

இனி, நம்மை மட்டும் சார்ந்த ஒன்று. இதனை எழுதவே இத்தனை சுற்றினேன். வேற்று மொழி பேசும் மண்ணில் பிழைக்க வந்த குடும்பங்கள் நாம். ‘எதிரி’ என்ற சொல் சென்னையில் ஒரு விற்பனை மேலாளனுக்கு வெறும் உவமையாக இருக்கலாம், நமக்கு இல்லை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளிவந்ததை ஒட்டிக் கருநாடகத்தில் தமிழர் மேல் வன்முறை பாய்ந்தது. பெங்களூரும் மைசூர்ப் பகுதியும் எவ்வாறு இருந்தன என்பதை இம்மலரைக் கையில் வைத்திருப்போருள் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் அப்போது தமக்கை வீட்டில் தங்கிப் படித்த பன்னிரண்டு வயதுச் சிறுவன். அத்தான் கடையின் பெயர்ப்பலகையில் தமிழெழுத்தும் இருந்தது. ஒருநாள் பிற்பகல் தெருமுனையில் கூச்சல் கேட்டது. அஜ்ஜா தம் கடையை அடைத்துவிட்டு வந்தார். எங்கள் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். எங்களைப் பின்பக்கம் போகச் சொன்னார். கதவை இழுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். வந்தவர்களிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். இருட்டும்வரை அவர் அந்தப் படியை விட்டு எழவில்லை. பகைவனைப் பற்றிய பதின்மூன்று இயல்களில் இவர் எந்த இயலில் வருவார்?

தமக்கை மகன் அப்போது பிறக்கவில்லை. சொல்லிக் கேட்டிருக்கின்றான், அவ்வளவே. விலையைக் குறைத்த மறுமாதம் நான் இதனை நினைவூட்டினேன். “அது வேற மாமா, இது பிசினஸ்” என்றான். அஜ்ஜாவின் மகன் தன் பங்குக்கு 50 ரூபாய் குறைத்தான். இவன் மேலும் குறைத்தான். குறைத்ததை ஈடுகட்டச் சிக்கரியைக் கூட்டினான். வாடிக்கையாளர் நாக்குக்கு அது தெரியாதா? எங்கள் அலுவலகத்திலேயே இருவர் என்னிடம் வந்து, “என்ன சார், உங்க கடைப் பொடி இப்பல்லாம் அப்படி இல்லையே” என்றார்கள். இரண்டு கடையிலிருந்தும் விலகியவர்கள் பேரங்காடியில் பெரிய நிறுவனத்தின் பொட்டலத்தை வாங்கப் பழகினார்கள். பதினோரு மாதத்தில் அஜ்ஜாவின் கடை மூடப்பட்டது.

வென்றான் பிள்ளை. அந்தக் கடையின் வாடிக்கையில் எத்தனை பேர் இவனிடம் வந்தனர் என்று கணக்கேட்டைப் பார்த்தேன், கைவிரல்களில் அடங்கிற்று. பழைய விலைக்கும் பழைய கலவைக்கும் அவன் இப்போது திரும்பிவிட்டான். போனவர் திரும்பவில்லை. கொட்டை தீர்ந்தால் அரை மூட்டை கேட்க இப்போது அந்தத் தெருவில் ஆளில்லை. சென்ற தீபாவளிக்குத் தமக்கை இனிப்பு எடுத்துக்கொண்டு அஜ்ஜா வீட்டுக்குப் போனாள். உடன் வா என்று அழைத்தும் மகன் போகவில்லை. கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கின்றார்கள்.